வீட்டு விரைவுப் பரிசோதனையும் தடுப்பூசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா ஆகிய இரு வைரஸ்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. சளி, இருமல், காய்ச்சல் வரும்போது வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய விரைவுப் பரிசோதனைகள் இவ்விரண்டுக்கும் உள்ளன, தடுப்பூசிகளும் உள்ளன. கொரோனாவுக்காக அறிவித்திருந்த சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. ஆனாலும் அந்த வைரஸ் இன்றும் பரவிக்கொண்டும் உருமாறிக்கொண்டும்தான் இருக்கிறது. முதியவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அது இன்னும் ஆபத்தானதே.

பரிசோதனை, தடுப்பூசி: இரண்டில் எது முக்கியம்?

இரண்டும் வெவ்வேறு வேளையில் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன. தடுப்பூசி முதன்மையாக அதைப் போட்டுக்கொண்டவரைக் காக்கிறது. பரிசோதனையோ செய்துகொண்டவரின் அருகில் இருப்பவர்களைக் காக்கிறது. தொற்று வருவதற்கு முன்பே உடலைத் தயார்செய்வது தடுப்பூசி. தொற்று வந்துவிட்டதா என்று அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்வது பரிசோதனை. தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்காகக் காய்ச்சலோடு ஒரு முதியவரைப் பார்க்கப் போவதும், சோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதும் ஒரே வகையான தவறுகள்தாம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்துவிடும் என்று நம்புவதால்தான் இரண்டும் நேர்கின்றன.

விரைவுப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது?

மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கரைசலில் கலக்கும்போது வைரஸின் உறை சிதைந்து அதன் உள்ளிருக்கும் புரதங்கள் வெளிவருகின்றன. அந்தக் கரைசலைக் கருவியின் குழியில் விட்டதும் அது உள்ளிருக்கும் பட்டையில் ஊறி ஏறத் தொடங்குகிறது. வழியில், நிறத்துகள்களோடு பிணைக்கப்பட்ட எதிர்ப்புப் புரதங்கள் அதில் கலக்கின்றன. பல கருவிகளில் இவை மிக நுண்ணிய தங்கத் துகள்கள். மாதிரியில் வைரஸின் புரதம் இருந்தால், இந்தத் துகள்கள் அதைப் பற்றிக்கொண்டு நகர்ந்து ‘டி’ என்று குறிக்கப்பட்ட இடத்தில் சிக்கி நிற்கின்றன. அவை அங்கே சேரச் சேர கோடு கண்ணுக்குத் தெரிகிறது.

கருவியில் ‘சி’ என்று குறிக்கப்பட்ட இடத்தில் இன்னொரு கோடும் தோன்றும். இந்த ‘சி’ கோடு வைரஸைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கரைசல் பட்டை முழுவதும் பாய்ந்தது, உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் வேலை செய்தன என்பதற்கு மட்டுமே அது சான்று. ஆகவே ‘சி’ கோடு வராத சோதனையில் ‘டி’ கோடு வந்தாலும் வராவிட்டாலும் அந்த முடிவு செல்லாது. புதிய கருவியில் மீண்டும் செய்ய வேண்டும். மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதையும் பெரும்பாலான கருவிகளில் ‘சி’ கோடு காட்டாது. பஞ்சுக்குச்சி மூக்கைத் தொடாமலேயே சோதனை செய்தாலும் அந்தக் கோடு தெளிவாக வரும்.

கோடு மிக மங்கலாக இருக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளலாமா?

கொள்ள வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் தோன்றிய, நிறமுள்ள ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ் முடிவுதான். மங்கல் என்பதற்குப் பெரும்பாலும் மாதிரியில் வைரஸ் புரதம் குறைவாக இருந்தது என்று பொருள். அது தொற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம், மாதிரி சரியாக எடுக்கப்படாததாலும் இருக்கலாம். தொடக்கமாக இருந்தால், அடுத்த நாளே அந்தக் கோடு அழுத்தமாக வரக்கூடும். அப்போது நீங்கள் முந்தைய நாளைவிட அதிகமாக வைரஸைப் பரப்பும் நிலையில் இருப்பீர்கள்.

கருவியோடு வரும் கையேட்டில் உள்ள நேரத்தைக் கடந்து முடிவைப் பார்க்கக் கூடாது. பல கருவிகளுக்கு அது 15 நிமிடம். 30 நிமிடத்துக்குப் பிறகு பார்க்க வேண்டாம் என்றும் அவற்றில் குறிப்பிடப்பட்டிருக்கும். பட்டை காயும்போது ‘டி’ இருக்கும் இடத்தில் நிறமற்ற சாம்பல் வடு ஒன்று தோன்றுவது உண்டு. குப்பைக்கூடையில் கிடந்த நேற்றைய கருவியை எடுத்துப் பார்த்து அஞ்சுவோர் காண்பது பெரும்பாலும் இதைத்தான்.

நெகட்டிவ் வந்துவிட்டது. இனி கவலை இல்லை என்று கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு நெகட்டிவ் முடிவு, ‘இந்த மாதிரியில், இந்த நேரத்தில், கருவியால் கண்டறியும் அளவுக்கு வைரஸ் புரதம் இல்லை’ என்று மட்டுமே சொல்கிறது. தொற்று இல்லை என்று அது சொல்வதில்லை.

கொரோனா விரைவுப் பரிசோதனைகளைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, அறிகுறிகளோடு தொற்று உள்ள 100 பேரில் சராசரியாக 73 பேரை இந்தச் சோதனைகள் சரியாகக் கண்டறிந்தன. அறிகுறி இல்லாமல் தொற்று உள்ளவர்களிடம் அது 55 பேராகக் குறைந்தது. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் ஏறத்தாழ 81 சதவீதமாக இருந்த கண்டறியும் திறன், இரண்டாம் வாரத்தில் 54 சதவீதமாக இறங்கியது. கருவிகளுக்கிடையிலும் பெரும் வேறுபாடு காணப்பட்டது.

இதற்குக் காரணம் கருவியின் குறைபாடு மட்டுமல்ல. ஆய்வகத்தில் செய்யப்படும் பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கிறது. விரைவுப் பரிசோதனையோ இருப்பதை இருக்கிற அளவிலேயே காட்டுகிறது. அதனால் தொற்றிய முதல் சில நாட்களில் அது பேசாமல் இருந்துவிடும். ஒமைக்ரான் என்ற உருமாறிய கொரோனா வைரஸ் பரவிய காலத்துக்குப் பிறகு இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ எதிர்ப்பாற்றல் பெற்றவர்களின் உடல் வைரஸை விரைவில் அடையாளம் கண்டுகொள்வதால், தொண்டைவலியும் காய்ச்சலும் முன்கூட்டியே தொடங்கிவிடுகின்றன. வைரஸின் அளவு உச்சத்தைத் தொடுவதோ அறிகுறி தொடங்கிய நான்காம் நாள் அளவில். முதல் நாள் நெகட்டிவ் வந்து மூன்றாம் நாள் பாசிட்டிவ் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எனவே மீண்டும் செய்ய வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் தந்த பரிந்துரை எளிமையானது: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் குறைந்தது இரண்டு சோதனைகள், அறிகுறி இல்லாமல், தொற்று உள்ளவரோடு பழகியதால் மட்டும் சோதிப்பவருக்கு அதே இடைவெளியில் குறைந்தது மூன்று. ஒரே நாளில் காலையும் மாலையும் இரண்டு கருவிகளைச் செலவழிப்பதால் பயன் குறைவு. வைரஸ் பெருகுவதற்கான நேரம்தான் இங்கே முக்கியம்.

எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் பாசிட்டிவ் வந்திருக்கிறது. தவறாக இருக்குமா?

இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அது சிறியது. தொற்று இல்லாத 1000 பேரைச் சோதித்தால் தோராயமாக 4 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும் என்பதே மேலே சொன்ன காக்ரேன் மதிப்பாய்வு தரும் சராசரி. இந்தச் சிறிய எண் எப்போது பெரிதாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறிகுறி இல்லாத 1000 பேரில் 10 பேருக்கு மட்டும் தொற்று இருப்பதாகக் கொள்வோம். சோதனை அந்த 10 பேரில் 5 அல்லது 6 பேரைக் கண்டுபிடிக்கும். மீதமுள்ள 990 பேரில் 4 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஆக, பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் நான்கு பேருக்குத் தொற்றே இல்லை. அதே 1000 பேரில் 100 பேருக்குத் தொற்று இருந்தால், உண்மையான பாசிட்டிவ் 55 ஆகவும் தவறானது 4க்குள்ளாகவும் இருக்கும். நோய் பரவலாக இருக்கும்போது பாசிட்டிவ் முடிவை அப்படியே நம்பலாம் என்பதும், மிக அரிதாக இருக்கும்போது மறுசோதனை தேவை என்பதும் இதிலிருந்தே வருகின்றன. எப்படியானாலும், மறுமுடிவு வரும் வரை தொற்று இருப்பதாகக் கொண்டு ஒதுங்கியிருப்பதே பொறுப்பான செயல்.

தடுப்பூசி போட்டுக்கொண்டதால் சோதனையில் பாசிட்டிவ் வருமா?

வராது. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள், அதாவது ஒரு புரதத்தை உருவாக்கும் குறிப்பை மட்டும் உடலுக்குத் தருபவை, வைரஸின் மேற்பரப்பில் உள்ள முள்முனைப் புரதத்தை மட்டுமே உடலுக்கு அறிமுகம் செய்கின்றன. பெரும்பாலான விரைவுப் பரிசோதனைகள் தேடுவதோ வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற வேறொரு புரதத்தை. செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்ட தடுப்பூசியிலும் அது கைத்தசையில் செலுத்தப்படுகிறதே தவிர மூக்கில் பெருகுவதில்லை. தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் இயல்பானவை. ஆனால் இருமல், மூக்கொழுகல், மணம் தெரியாமை ஆகியவை தடுப்பூசியின் பக்கவிளைவுகள் அல்ல. அவை இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூக்கில் தெளிக்கப்படும் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பு மருந்து மட்டும் இதற்கு விலக்கு. அதில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால், அதைப் பெற்ற சில நாட்களுக்குள் இன்ஃப்ளூயன்ஸா சோதனை செய்தால் பாசிட்டிவ் வரக்கூடும்.

மாதிரி எடுக்கும்போது பெரும்பாலும் நேரும் பிழைகள் எவை?

முதலாவது அவசரம். பஞ்சுக்குச்சியை மூக்கின் வாயிலில் மட்டும் தொட்டு எடுத்தால் போதாது. பல கருவிகளில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, உட்சுவரை அழுத்தித் தேய்த்தபடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுழற்றி, அதே குச்சியால் இரண்டாம் துவாரத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். முன்னதாக மெதுவாக மூக்கைச் சிந்திக்கொள்வது நல்லது. பிறகு குச்சியைக் கரைசலில் முக்கிச் சுழற்றி, குழாயின் பக்கங்களைப் பிசைந்து, பஞ்சில் உள்ளதைப் பிழிந்தெடுக்க வேண்டும். இந்தப் பிழியும் வேலையைப் பலர் விட்டுவிடுவதால் வைரஸ் பஞ்சிலேயே தங்கிவிடுகிறது.

குழியில் விடும் சொட்டுகளின் எண்ணிக்கை கருவிக்குக் கருவி மாறும். முன்பு வாங்கிய கருவிக்கு நான்கு சொட்டு என்றால் இதற்கும் நான்கு என்று எண்ணிவிடக் கூடாது. கூடினாலும் குறைந்தாலும் முடிவு பிழைபடும். ஒரு கருவியின் கரைசலை மற்றொரு கருவிக்குப் பயன்படுத்தவும் கூடாது. உறையைப் பிரித்த கருவி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும்.

மூக்கு மாதிரிக்கென்று தயாரிக்கப்பட்ட கருவியில் தொண்டை மாதிரியைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் ஒழிய வேண்டாம். அந்தக் கருவி அப்படிச் சோதித்துச் சரிபார்க்கப்படவில்லை.

எப்போது சோதிப்பது மிகவும் பயனுள்ளது?

அறிகுறி தெரிந்ததும் உடனே. தொற்று உள்ளவரோடு பழகி அறிகுறி இல்லாமல் இருந்தால், பழகிய நாளிலிருந்து ஐந்து முழு நாட்கள் கழித்து. அதற்கு முன் செய்தால் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய ஒருவரைச் சந்திக்கப் போவதாக இருந்தால், புறப்படுவதற்குச் சற்று முன்னர். முந்தைய நாள் மாலை செய்த சோதனை மறுநாள் மதியத்துக்குப் போதாது, ஏனெனில் இடைப்பட்ட நேரத்தில் வைரஸின் அளவு பல மடங்காகப் பெருகிவிடலாம். கருவிகள் குறைவாகவே கையிருப்பில் இருக்கின்றன என்றால், பொதுவான மனநிறைவுக்காக அவற்றைச் செலவழிக்காமல் இத்தகைய சந்திப்புகளுக்கென்று ஒதுக்கிவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரையோ பிறந்த குழந்தையையோ பார்க்கப் போகும்போது செய்யும் ஒரு சோதனையின் மதிப்பு மிகப் பெரியது. ஆனால் அறிகுறி இருந்தால், சோதனை என்ன சொன்னாலும் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள்.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வருகிறதே, பிறகு எதற்குப் போட வேண்டும்?

இந்தக் கேள்வியை எவரும் கூச்சமின்றிக் கேட்கலாம்; நேர்மையான பதிலுக்கு உரிய கேள்வி இது. 2020இன் இறுதியில் வெளியான முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஆய்வுகள், அறிகுறியுள்ள நோயை ஏறத்தாழ 95 சதவீதம் தடுப்பதாகக் காட்டின. அந்த எண்ணை மக்கள் ‘தொற்றே வராது’ என்று புரிந்துகொண்டார்கள். பிறகு வைரஸ் உருமாறியது. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் கவலைக்குரிய திரிபாக (உருமாறிய வகையாக) அறிவித்த ஒமைக்ரான், எதிர்ப்புப் புரதங்களுக்குப் பெருமளவு தப்பிச்செல்லும் மாற்றங்களோடு வந்தது.

உடலின் பாதுகாப்பு ஒற்றை அடுக்கு அல்ல. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்களின் அளவு சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. மூக்கின் சளிப்படலத்தில் அவை தொடக்கத்திலிருந்தே குறைவு. அதனால் வைரஸ் மூக்கில் நுழைந்து பெருகுவதைத் தடுப்பது கடினம். ஆனால் தடுப்பூசி உருவாக்கிய நினைவணுக்கள் நீண்ட காலம் நிலைத்திருக்கின்றன. அவற்றில் டி அணுக்கள், தொற்றிய உயிரணுக்களை அடையாளம் கண்டு அழிப்பவை. வைரஸின் மாறாத பகுதிகளையும் அவை அறிந்துவைத்திருப்பதால் புதிய திரிபுகளும் அவற்றை எளிதில் ஏமாற்ற முடிவதில்லை. நோய் நுரையீரலுக்கு இறங்கி உயிருக்கு ஆபத்தாவதற்கு முன் இவை களத்தில் இறங்கிவிடுகின்றன. தடுப்பூசி போட்டும் சளி பிடிப்பதும், தடுப்பூசி போட்டதால் மருத்துவமனைக்குப் போகாமல் தப்புவதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பொதுமக்களுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து ஓராண்டில் 185 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் தடுப்பூசிகள் தடுத்த மரணங்களின் எண்ணிக்கை 1.98 கோடி வரை இருக்கலாம் என்று 2022இல் வெளியான ஒரு கணித மாதிரி ஆய்வு மதிப்பிட்டது. பதிவான கொரோனா மரணங்களை மட்டும் அடிப்படையாகக் கொண்டாலும் அது 1.44 கோடி. அதை எண்ணிப் பார்க்கும்போது, ‘எனக்குத் தடுப்பூசி போட்டும் காய்ச்சல் வந்தது’ என்ற அனுபவத்தை மட்டும் வைத்துத் தடுப்பூசியை எடைபோடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

எத்தனை முறை போட்டுக்கொள்ள வேண்டும்?

இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. உலகில் சுற்றும் திரிபுகளைக் கண்காணித்து, அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எவை இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். திரிபுகள் நன்கு பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரிடம் போக வேண்டிய நோயின் ஆபத்தை இது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது.

கொரோனாவுக்கான பூஸ்டர் தவணை வயது, இணைநோய், கடைசித் தவணைக்கும் தொற்றுக்கும் பின் கடந்த காலம் ஆகியவற்றைப் பொறுத்தது. நாட்டுக்கு நாடு விதியும் மாறும். முதியவர்களும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் எங்கும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டு தடுப்பூசிகளையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் முழுப் பலன் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

பக்கவிளைவுகள்?

ஊசி போட்ட இடத்தில் வலி, சோர்வு, தலைவலி, காய்ச்சல்: இவை பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்குப் பிறகு இதயத்தசை அழற்சி மிக அரிதாக ஏற்பட்டிருக்கிறது. குறிப்பாக இளம் ஆண்களில், இரண்டாம் தவணைக்குப் பின் ஒரு வாரத்துக்குள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு தோன்றினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் ஒவ்வாமையும் அரிதாக நேரலாம், ஊசி போட்ட பின் 15 நிமிடம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்வது அதனால்தான். முந்தைய தவணையில் அத்தகைய ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் அதை மறக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாமா?

செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியையும் எம்.ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளலாம். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்வதால், ஆறு மாதம் நிறையாமல் இந்தத் தடுப்பூசிகளைப் பெற முடியாத பச்சிளங்குழந்தைக்கு அதுவே பாதுகாப்பு. மூக்கில் விடும் உயிருள்ள மருந்தை மட்டும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும்.

பாசிட்டிவ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

தனி அறையில் இருங்கள், சன்னல்களைத் திறந்துவையுங்கள், பிறர் அருகில் வர நேர்ந்தால் இரு தரப்பும் முகத்தோடு நன்கு பொருந்தும் முகக்கவசம் அணியுங்கள். அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வைரஸ் பரவக்கூடும் என்பதால், அந்த நாட்களில் நெருங்கிப் பழகியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வயது முதிர்ந்தவராகவோ இணைநோய் உள்ளவராகவோ இருந்தால், அறிகுறி லேசாக இருக்கிறதே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இன்ஃப்ளூயன்ஸாவுக்கான ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயன் தரும். முன்னதில் உள்ள ரிட்டோனாவிர் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும், இதயத்துடிப்பு, உறுப்புமாற்று தொடர்பான சில மருந்துகளோடும் மோதக்கூடியது. ஆகவே நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வீட்டுச் சோதனையின் பெரும்பயன் இங்கேதான் இருக்கிறது: மருந்து வேலை செய்யும் அந்தச் சில நாட்களை வீணாக்காமல் காத்துத் தருவது.

மூச்சுத்திணறல், விடாத நெஞ்சுவலி, மனக்குழப்பம், எழுப்பியும் விழிக்க முடியாத மயக்கம், உதடு நீலம்பாரித்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

எப்போது வெளியே வரலாம்?

காய்ச்சல் மருந்தின்றியே தணிந்து, ஒரு நாளாவது கடந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதன் பின்னும் சில நாட்கள் முகக்கவசம் தேவை. இந்தக் கட்டத்தில் பி.சி.ஆர். உதவாது, அது நலமடைந்த பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். விரைவுப் பரிசோதனை இன்னும் பாசிட்டிவ் காட்டினால், நீங்கள் வைரஸைப் பரப்பக்கூடும் என்றே கொள்ளுங்கள்.

காலாவதியான அல்லது வெயிலில் இருந்த கருவியைப் பயன்படுத்தலாமா?

சில கருவிகளுக்கு உற்பத்தியாளர்கள் காலாவதித் தேதியை நீட்டித்திருக்கிறார்கள். தொகுப்பு எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். நீட்டிக்கப்படவில்லை என்றால் வேண்டாம். பெரும்பாலான கருவிகளை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். மூடிய காருக்குள் வெயிலில் கிடந்த கருவியின் எதிர்ப்புப் புரதங்கள் கெட்டுப்போய், தொற்று இருந்தும் காட்டாமல் போகலாம். குளிர்ச்சியாக இருந்தால் அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

கரைசல் இருக்கும் சிறிய குப்பி பார்ப்பதற்குக் கண் சொட்டுமருந்து போலவே இருக்கும். தவறுதலாகக் கண்ணில் விட்டவர்கள் உண்டு. சில கரைசல்களில் சோடியம் அசைடு போன்ற நச்சுப்பொருள் சிறிதளவு கலந்திருக்கும். கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் மருத்துவ உதவி பெற வேண்டும். சோதனை முடிந்ததும் குச்சி, குழாய், கருவி மூன்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டுக் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.